சலான் மெஷின் கைக்கு வரும்போது

மருமகளே,

பயிற்சி முடிந்து, தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு ஊனமாஞ்சேரியை விட்டு வெளியே வரப்போகிறாய். மோட்டார் வாகனச் சட்டத்தை வகுப்பில் நடத்தியிருப்பார்கள். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு அபராதம் என்பது இன்றைக்கு என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே அதை நான் எழுதப்போவதில்லை. ஓரங்கட்டச் சொல்லி ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கியதும், "இவர்மேல் கேஸ் போடுவதா, சொல்லி அனுப்புவதா" என்று நீ அரை நிமிடத்தில் முடிவெடுத்தாக வேண்டும். அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் உன்னைச் சட்டம் ஒழுங்கு நிலையத்தில்தான் போடுவார்கள் என்றாலும் வாகனத் தணிக்கை உன்னை விடாது. காக்கிச் சட்டையில் கழிந்த என் வருடங்களில் பெரும்பகுதி மதுரை ரோட்டில்தான் போனது. அதனால் சொல்லும் உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை மனசில் போட்டுக்கொள். ரோட்டில் நாம் வாங்குவது தண்டனைத் தொகை அல்ல. சட்டத்தின் 200ஆவது பிரிவுப்படி, நீதிமன்றம் வரை போகாமல் விஷயத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ள மாநில அரசு நிர்ணயித்திருக்கும் தொகை அது. "நான் கட்டமாட்டேன், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல எதிரில் நிற்பவருக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொல்பவரைத் திமிர் பிடித்தவர் என்று நினைக்காதே. தீர்ப்புச் சொல்கிற வேலையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை. இது புத்தியில் ஏறிவிட்டால் குரல் தானாகவே ஒரு படி இறங்கிவிடும்.

போடுவதா விடுவதா என்ற யோசனை ரோட்டில் நிற்கும் நம்மிடம் மட்டும் இருப்பதும் அல்ல. 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அபராதங்களைப் பல மடங்கு ஏற்றியது. அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் அமல். பத்து நாள்கூட ஆகவில்லை, குஜராத் அரசு ஹெல்மெட் அபராதத்தை ஆயிரத்திலிருந்து ஐந்நூறாகக் குறைத்து அறிவித்தது. நம் மாநிலம் புதிய தொகைகளை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாய், அதற்குப் பிறகு 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 என்றிருந்தது 5,000 ஆனது. மக்களால் தாங்க முடியுமா என்று அரசாங்கமே இவ்வளவு நாள் யோசித்திருக்கிறது. நீயும் யோசிக்கலாம், யோசிக்கத்தான் வேண்டும். தொகையைக் கூட்டவோ குறைக்கவோ உன்னால் முடியாது. போடுவதும் விடுவதும் உன் கையில். ஆனால் அந்தக் கை உன் சொந்தக் கை இல்லை. அரசாங்கம் இரவல் கொடுத்திருக்கிற கை.

நான் சொல்லவேண்டிய விஷயமே இதுதான். ஒருவரை விட்டாலும் சரி, பிடித்தாலும் சரி, அதற்கான காரணத்தை அவருக்கு அடுத்து வரிசையில் நிற்பவர் காதில் விழும்படி உன்னால் சொல்ல முடிய வேண்டும். "பையனுக்குக் கையில் ஊசி குத்தியிருக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள், அதனால் அனுப்பினேன்" என்று சத்தமாகச் சொல்லலாம். "இவர் இன்னாருக்கு மச்சான், அதனால் அனுப்பினேன்" என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாத காரணத்துக்காக ஒருவரை விட்டுவிட்டு, அடுத்து வந்தவருக்கு மெஷினை அடித்தால், அந்த இரண்டாவது ஆளுக்கு நீ அநியாயம் செய்திருக்கிறாய். அவர் ஹெல்மெட் போடாதது உண்மைதான், அபராதமும் சட்டப்படிதான். இருந்தாலும் அது அநியாயமே. இதை ஒத்துக்கொள்ளாத அதிகாரிகள் பலருடன் நான் வேலை பார்த்திருக்கிறேன். "விட்டவனைப் பற்றிப் பேசாதே, பிடித்தவன் தப்பு செய்தானா இல்லையா, அதைச் சொல்" என்பார்கள். சட்டப் புத்தகத்தில் அது சரியாக இருக்கலாம். ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்களுக்கு அது சரியாகப் படாது. அவர்கள் கண்ணில் விழுவது அபராதம் அல்ல, ஆள் பார்த்துச் செய்வது. ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் நீ என்ன நியாயம் பேசினாலும் காதில் ஏறாது.

மதுரைக்காரர்களுக்குக் கோரிப்பாளையம் சந்திப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சென்னைப் பக்கம் பயிற்சியில் இருக்கும் உன் தோழிகளுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் தர்கா, ஒரு பக்கம் வைகையைத் தாண்டி வரும் ஏ.வி. பாலம், இன்னொரு பக்கம் பனகல் சாலை. அந்தச் சாலையில்தான் ராஜாஜி மருத்துவமனை, ஊர் பாஷையில் பெரியாஸ்பத்திரி. சிவகங்கை, விருதுநகர், தேனி, ராமநாதபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அங்கேதான் வந்து சேரும். காலையில் அந்த சிக்னலில் நின்றால், வரும் வண்டிகளில் பாதி வண்டியின் முகம் ஒரே மாதிரி இருக்கும். புருஷன் ஓட்டுவார், பின்னால் பெண்டாட்டி, நடுவில் துண்டு போர்த்திய பிள்ளை. யார் தலையிலும் ஹெல்மெட் இருக்காது. சட்டப்படி ஓட்டுபவர் போட வேண்டும், பின்னால் உட்காருபவரும் போட வேண்டும். நான்கு வயதுக்கு மேல் என்றால் பிள்ளைக்கும் வேண்டும். மூன்று பேர் போவது தனிக் கேஸ். கேஸ் எண்ணிக்கையைக் காட்ட அதைவிட நல்ல இடம் மதுரையில் கிடையாது.

எனக்கு மூத்த ஏட்டையா ஒருவர் அங்கே பல வருடம் நின்றவர். வண்டியை நிறுத்தியதும் ஆர்.சி. புக்கைக் கேட்கமாட்டார். ஓட்டுபவரின் சட்டைப் பையைப் பார்ப்பார். அதில் மடித்த ஓ.பி. சீட்டு நீட்டிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் பிள்ளையின் புறங்கையில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிய ஊசி இருக்கும். அந்த அம்மாவின் மடியில் எக்ஸ்ரே கவர் இருக்கும். "போங்கப்பா, மெதுவாப் போங்க. சாயங்காலம் திரும்புறப்ப அம்மாவையும் பிள்ளையையும் பஸ்ல ஏத்தி விடுங்க." அவ்வளவுதான், அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அந்த மனுஷனிடம் நான் ஒருநாள் கேட்டேன்: "இதுல பொய் சொல்றவனும் இருப்பான்ல, ஏட்டையா?" "இருப்பான்யா. பத்துப் பேர்ல ஒருத்தன் என்னை ஏமாத்திட்டுப் போறான், போகட்டும். அவனைப் பிடிக்கணும்ங்கிறதுக்காக மிச்ச ஒன்பது பேரை நடு ரோட்டுல நிறுத்தி, சீட்டைக் காட்டு, எந்த வார்டு, எந்த டாக்டர்னு கேட்கணுமா?" என்றார். அவர் வேலை கற்றுக்கொடுத்த விதம் அது. நானும் அப்படியே செய்தேன். நீயும் அப்படியே செய்.

அதே ஏட்டையா, அதே இடத்தில், காலேஜ் பசங்கள் மூன்று பேர் ஒரே வண்டியில் வந்தால் விடவே மாட்டார். கெஞ்சினாலும் சரி, எக்ஸாம் என்றாலும் சரி. இரண்டு பேரை இறக்கி ஆட்டோ பிடிக்க அனுப்பிவிட்டு, ஓட்டியவனுக்குக் கேஸ் எழுத எஸ்.ஐ.யிடம் கூட்டிவருவார். இரண்டு வண்டியிலும் மூன்று பேர்தான், பிரிவும் ஒன்றுதான். ஆனாலும் சிக்னலில் நின்ற யாரும் அதை ஓரவஞ்சனை என்று சொன்னதில்லை. காரணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வண்டியை விட்டேன் என்பதற்காக ஹெல்மெட் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் 50,029. அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். செத்தவர்கள் 17,884. சென்னை உயர் நீதிமன்றம் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்கச் சொன்னதும் சும்மா இல்லை. பிரேதப் பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களிடம் வாக்குமூலம் வாங்கும் வேலை உனக்கும் வரும். அப்போது புரியும், நேற்று இரக்கப்பட்டு ஒருவரை விட்டதற்கு விலை உண்டு என்று. ஆகவே விடும்போதும் அந்த ஆள் உயிரோடு வீடு போய்ச் சேர்வாரா என்று யோசித்துத்தான் விட வேண்டும். ஏட்டையா பஸ்ஸில் ஏற்றச் சொன்னது அதற்காகத்தான்.

இனி சொல்வதை யாரும் உனக்கு வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் கையில் இருக்கும் பெரிய அதிகாரம் சலான் போடுவதில் இல்லை, எங்கே நிற்கிறோம் என்பதில் இருக்கிறது. நான் இருந்த ஒரு நிலையத்தில் மாதக் கடைசி வந்தால் எண்ணிக்கை குறைகிறது என்று மைக்கில் சத்தம் கேட்கும். உடனே எல்லோரும் ஒரு வளைவுக்குப் பின்னால், மரத்தடியில் போய் நிற்பார்கள். மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிக்கொண்டு போகிறவர், சிமென்ட் பூச்சோடு வேலை முடிந்து திரும்பும் சித்தாள், பால்காரர், இவர்கள்தான் அங்கே மாட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் எண்ணிக்கை நிறைந்துவிடும். அதே நேரம் ரிங் ரோட்டில் ஒரு டிப்பர் லாரி எதிர்த்திசையில் லைட் போட்டுக்கொண்டு வரும். அதைத் தடுக்க அங்கே ஆள் இருக்காது. லாரியை நிறுத்துவது சிரமம், ஆபத்து, முதலாளி போன் செய்வார். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை நிறுத்துவது சுலபம். சுலபமாகப் பிடிபடுகிறவர்களை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், நீ ஒருவரிடமும் ஓரவஞ்சனை காட்டாமலே பெரிய ஓரவஞ்சனையைச் செய்துகொண்டிருப்பாய். சித்தாளுக்கு 1,000 ரூபாய் என்பது ஒரு நாள் கூலிக்கு மேல். எஸ்.யு.வி.யில் போகிறவருக்கு அது ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு. தொகை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், அதை மாற்ற நம்மால் முடியாது. எங்கே நிற்பது என்பதை மாற்ற முடியும்.

எனவே நிலையத்தில் சேர்ந்த முதல் வாரமே விபத்து வழக்குக் கோப்புகளை எடுத்துப் படி. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எப்படிச் செத்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள். அந்த இடத்தில், அந்த நேரத்தில் போய் நில். எண்ணிக்கை குறைகிறது என்று திட்டினால் அந்தத் தாளை எடுத்துக் காட்டு. எல்லா அதிகாரியும் கேட்பார் என்று சொல்லமாட்டேன். கேட்கிற அதிகாரிகளும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு இன்ஸ்பெக்டருக்குக் கீழே வேலை பார்த்த ஒன்றரை வருடம்தான் என் சர்வீஸில் நான் நிம்மதியாகத் தூங்கிய காலம்.

அப்படி நிற்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். தினமும் காலையில் ஒரே இடத்தில் ஐம்பது பேர் எதிர்த்திசையில் வருகிறார்கள் என்றால், ஐம்பது பேரும் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. நான்குவழிச் சாலையில் திரும்பும் இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம் இருக்கும். அவர்களுக்குக் கேஸ் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்த்திசையில் வருவது உயிர் போகிற விஷயம். ஆனால் அன்றைக்கே சாலைத்துறைக்கு ஒரு கடிதமும் எழுது. சாலையைப் பாதுகாப்பு விதிப்படி அமைக்காத ஒப்பந்தக்காரருக்கும், அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019 திருத்தத்திலேயே 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவில் யாரும் பிடிபட்டு நான் பார்த்ததில்லை. எக்ஸ்.எல். வண்டிக்காரருக்கு இருக்கும் சட்டம் அவர்களுக்கும் இருக்கிறது என்பதை நீயாவது ஞாபகம் வைத்துக்கொள்.

காகிதக் குற்றம், ஆபத்துக் குற்றம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல யோசனைதான். ஆர்.சி.யை வீட்டில் வைத்துவிட்டேன் என்றால் டிஜிலாக்கரில் காட்டச் சொல், எம்பரிவாகனில் காட்டினாலும் செல்லும், தாள் கையில் இல்லை என்பதற்காக ஆளை நிறுத்தி வைக்காதே. ஆனால் இன்சூரன்ஸைக் காகிதம் என்று நினைக்காதே. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன், நொறுங்கிய உடம்புகளைத் தினமும் மேஜையில் பார்த்து மனம் பொறுக்காமல், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். சாலைப் பாதுகாப்புக்கென்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு குழு அமைத்தது அந்த வழக்கில்தான். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலர் வாங்குகிறவர்கள் ஐந்து வருடத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்றானதும் அந்த வழக்கில்தான். அந்த ஐந்து வருடம் முடிந்ததும் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒரு கிழவியின் மேல் ஏறினால் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு யார் கொடுப்பது? ஓட்டியவனிடம் ஒன்றும் இருக்காது. இந்த விஷயத்தில் நான் சொல்லிப் பார்ப்பேன், ஒரு தடவை. "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள போட்டு எனக்குக் காட்டுங்க" என்பேன். காட்டாதவர் அடுத்த முறை தப்பமாட்டார்.

யோசிக்கவே கூடாத இடமும் உண்டு. குடித்துவிட்டு ஓட்டுபவன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் 185ஆவது பிரிவு. ரோட்டில் பணம் கட்டித் தீர்க்கிற விஷயமே இல்லை, கோர்ட்தான். 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். தங்கச்சி கல்யாணம் என்பான், கருமாதி வீட்டிலிருந்து வருகிறேன் என்பான், உண்மையாகவும் இருக்கும். மனசு இளகும். இளகினாலும் கேஸ் போடு. அதைவிட முக்கியம், கேஸ் போட்டு முடித்ததும் சாவியைக் கொடுத்து அவனை ஓட்டிக்கொண்டு போக விடாதே. குடிக்காத ஒருவர் வந்து கூட்டிப்போகும் வரை அவன் உன் பொறுப்பு. மெஷினில் பதிவாகிவிட்டது, நம் வேலை முடிந்தது என்று நினைத்து அனுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவு பண்ணினால் போதை இறங்கிவிடுமா?

பதினாறு வயசுப் பையன் அப்பாவின் வண்டியில் வருவது இன்னும் சிக்கல். சட்டம் அங்கே மிகக் கடுமை. வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இவ்வளவு பெரிதாக இருப்பதாலேயே பல அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு கையசைத்து அனுப்பிவிடுகிறார்கள். அது கருணை இல்லை. சட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய் ஒன்றும் செய்யாமல் இருப்பது. வண்டியை அங்கேயே நிறுத்து, அப்பாவையும் அம்மாவையும் வரச் சொல். இரண்டு பேரும் வர வேண்டும். பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாதான் சாவியைக் கொடுத்திருப்பார், இல்லை அம்மா அழ அழ அப்பா கொடுத்திருப்பார். சட்டப் பிரிவை அவர்கள் முன்னால் வாசித்துக் காட்டி, எச்சரித்ததை எழுதி ஒரு கையெழுத்து வாங்கு. அதற்குப் பிறகும் அந்தப் பையன் கையில் வண்டியைப் பார்த்தால், அப்புறம் உன் மனசைக் கேட்காதே, பிரிவைப் பார்.

போன் வரும். வராமல் இருக்காது. ஒரு கையில் லைசென்ஸை நீட்டி, மறு கையில் போனை நீட்டி, "மேடம், அண்ணன் பேசுறார்" என்பார்கள். முதலில் சலான், அப்புறம் போன். மெஷினில் ஏறிவிட்டால் அது வண்டியின் பதிவோடு ஒட்டிக்கொள்ளும், ரோட்டில் நின்று உன்னாலும் அழிக்க முடியாது. "போட்டாச்சுங்க சார், மெஷின்ல ஏறிடுச்சு" என்று மரியாதையாகச் சொல். உண்மையைத்தானே சொல்கிறாய். காகிதத்தில் எழுதிய எங்கள் காலத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை. கிழித்துப் போடச் சொல்வார்கள். போனில் பேசியவரை எதிர்த்துப் பேசி வீரம் காட்ட வேண்டிய அவசியமில்லை. குரல் தாழ்ந்தே இருக்கட்டும், முடிவு மாறாமல் இருந்தால் போதும்.

லைசென்ஸுக்குள் மடித்து வைத்த இருநூறு ரூபாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் அம்மா வளர்த்த பிள்ளை நீ. ஒன்று மட்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். நீட்டுகிற கையை மடக்கச் சொல்லும்போது அதையும் சொல். பாவம், பல பேருக்கு அது தெரியாது. நாம் கேட்போம் என்று நினைத்து நீட்டுகிறார்கள். அப்படி நினைக்க வைத்தது நாம்தான்.

இப்போது ஒரு குறிப்பு நோட்டைப் பற்றி. கேஸ் போட்டதற்குக் கணக்கு உண்டு, ரசீது உண்டு. விட்டதற்கு ஒன்றும் கிடையாது. அதனால்தான் அங்கே தவறு ஒளிந்துகொள்கிறது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். யாரைச் சொல்லி அனுப்பினாயோ, அவர் வண்டியின் கடைசி நான்கு எண், இடம், காரணம் ஒரு வரி, அவ்வளவு போதும். என்னிடம் வேலை கற்ற இளைஞன் ஒருவனை அப்படி எழுதச் சொன்னேன். நல்ல பையன், கை சுத்தம். மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். கார்கள் அதிகம். "நல்லபடியாகப் பேசினார்" என்ற காரணம் திரும்பத் திரும்ப வந்தது. லோடு ஆட்டோ ஒன்றுகூட இல்லை. அவன் முகம் சிறுத்துவிட்டது. "நான் காசு எதுவும் வாங்கலையே சார்" என்றான். வாங்கவில்லை, எனக்குத் தெரியும். இஸ்திரி போட்ட சட்டை, கொஞ்சம் இங்கிலீஷ், ஒரு புன்சிரிப்பு, இதற்கெல்லாம் நம் மனசு தானாகச் சாய்ந்துவிடுகிறது. லோடு ஆட்டோக்காரருக்கு அப்படிப் பேசத் தெரியாது. பயத்தில் குரல் உயரும். நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வோம். ஊர் ஊராக வந்து கட்டட வேலை பார்க்கிற வடநாட்டுப் பையன்கள் நிலைமை இன்னும் மோசம், வாயே திறக்க மாட்டார்கள். நோட்டு இல்லாமல் இதை நீ கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் நீ சரியாகத்தான் செய்தது போல இருக்கும்.

கூப்பிடும் விதமும் இதிலேதான் சேரும். காரில் வருகிறவர் "சார்", எக்ஸ்.எல்.லில் வருகிறவர் "யோவ்" என்று நம் ஆட்களின் நாக்கு பழகியிருக்கிறது. எல்லோரையும் "ஐயா", "அண்ணே", "அம்மா" என்று கூப்பிடு. நீ கேஸ் போட்ட ஆள்கூட அந்த மரியாதையை மறக்க மாட்டார். சலானைக் கையில் வாங்கிக்கொண்டு "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். மதுரை ஜனங்கள் அப்படி.

நீ பெண் எஸ்.ஐ. என்பதால் ஒரு சோதனை கூடுதலாக வரும். "கறார் காட்டினால்தான் மேடத்துக்குப் பயப்படுவானுக" என்று கூட இருப்பவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். வண்டி நிற்கும்போதே சாவியைப் பிடுங்கு, பின்னால் துரத்து என்பார்கள். சாவியைப் பிடுங்கச் சொல்லும் பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை. துரத்துவதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடிப் பக்கம், ஹெல்மெட் தணிக்கையில் நிற்காமல் போன தம்பதியைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திப் போனார். வண்டியை எட்டி உதைத்தார் என்று வழக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் விழுந்து இறந்துபோனார். அன்று இரவு ஆயிரக்கணக்கான பேர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தலையைக் காப்பாற்றத்தான் ஹெல்மெட் சட்டம். அந்தச் சட்டத்தின் பேரைச் சொல்லி ஒரு உயிர் போனது. நிற்காமல் போனால் நம்பரைக் குறித்துக்கொள். மெஷின் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஓடுகிறவன் ஓடட்டும், அதில் உனக்கு ஒரு அவமானமும் கிடையாது.

உனக்கே ஒரு விதி: ரோல் காலுக்குப் போகும்போதும் ஹெல்மெட். சட்டத்தை அமல்படுத்துகிறவர்களே மீறினால் அபராதம் இரண்டு மடங்கு, 210பி பிரிவு. ஜனங்களுக்கு அந்தப் பிரிவு எண் தெரியாமல் இருக்கலாம், உன் தலையில் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

இப்போது எல்லா முனையிலும் கேமரா வந்துவிட்டது, 2021இல் அதற்கு மத்திய அரசு தனி விதியே போட்டுவிட்டது. அது நல்லதுதான். கேமராவுக்கு மச்சானும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. ஆனால் ஓ.பி. சீட்டையும் அதற்கு அடையாளம் தெரியாது. ஆம்புலன்ஸுக்கு வழிவிட சிக்னல் கோட்டைத் தாண்டியவரும் அதன் கணக்கில் குற்றவாளிதான். வழிவிடாமல் நின்றிருந்தால் அவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்பது கேமராவுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு, வந்த மெசேஜைக் காட்டிக்கொண்டு, நிலையத்து வாசலில் வந்து நிற்பார்கள். நம்பர் பிளேட்டில் மூன்றை எட்டாகப் படித்து வேறொருவருக்கு விழுந்த சலானும் வரும். "ஆன்லைன்ல போட்டுப் பாருங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். நீ உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல். படத்தைப் பெரிதாக்கிப் பார். கோட்டைத் தாண்டிய நேரத்தில் பின்னால் ஆம்புலன்ஸ் தெரிகிறதா, வண்டியின் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார். தப்பு என்றால் மேலே எழுதி அனுப்பு, அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, முடிந்ததும் நீயே கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
மாமா